தட்டினால் விட்டுவிட வேண்டும்

மைதானத்து ஷெட்டில் இன்று காலை புதுப் பாய்கள் வந்து இறங்கின. கோரைப்பாய் இல்லை. நீல நிறத்தில், மூன்று விரல் தடிமனில், பயிற்சிக்கென்று வாங்குகிற ரப்பர் பாய்கள். கட்டை அவிழ்த்ததும் புது டயர்க் கடைக்குள் நுழைந்தது போல் ஒரு வாசம் குப்பென்று வந்தது. கூட நின்ற பெண் காவலர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. அந்த வாசத்தோடு உன் சிரிப்புச் சத்தமும் சேர்ந்து வந்துவிட்டது.

"என்னங்க மேடம், தனியாச் சிரிக்கிறீங்க?" என்றாள் ஒருத்தி.

"ஒண்ணுமில்ல சாமி, அடுத்த கட்டை அவுருங்க" என்றேன்.

விஷயம் என்னவென்றால், இந்த முறை வகுப்பெடுக்கப் போவது நான். புதிதாக வந்திருக்கும் இருபது பெண்களுக்கு, ஓர் ஆளை அடிக்காமல், ஒடிக்காமல், உயிருக்குச் சேதமில்லாமல் பிடிப்பது எப்படி என்று நான் சொல்லித் தர வேண்டுமாம். உத்தரவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் தரையில் புரண்டு சிரித்திருப்பாய். "ஏ-ஒன் அக்யூஸ்டே வகுப்பெடுக்குதா?" என்று கேட்டிருப்பாய். அப்படிக் கேட்க உன்னைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை.

நீ போய் ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆகின்றன. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் உன்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நேராக விஷயத்துக்கு வர முடியுமா என்ன?

மகளிர் காவல் நிலையத்தில் நாம் இருவரும் தலைமைக் காவலர்களாகச் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? நான் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி. நீ சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மிளகாய் மண்டிக்குப் பின்சந்தில் பிறந்து வளர்ந்தவள். சாயங்காலம் டூட்டி முடிந்ததும், "ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று உன்னிடம் சொன்னேன்.

"ஊட்டிக்கா? ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" என்றாய்.

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உன் சோற்று டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாய். உன் அம்மா வைத்த மீன் குழம்பு. அதற்குப் பிறகு கோபம் எங்கே நிற்கும்? உன் வீட்டுக்கு நான் முதல்முறை வந்தபோது மாதா படத்துக்கு முன்னால் நின்று பதினோரு தும்மல் தும்மினேன். மண்டி மிளகாய் நெடி. உன் அம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். நீயோ, "அம்மா, இவ நம்ம மாதாவுக்கு மரியாதை பண்றா, விடு" என்றாய்.

உன் உடம்பைப் பற்றி நீயே பேசுவாய். அடுத்தவர் பேச இடம் வைக்க மாட்டாய். "எனக்கு யூனிஃபார்ம் தைக்கிற டெய்லர் போன வருஷம் மாடி கட்டிட்டான்" என்பாய். அந்த உடம்பை வைத்துக்கொண்டு நீ ஓடுகிற ஓட்டம் வேறு. பஸ் ஸ்டாண்டில் செயின் அறுத்தவன் ஒருவனை நீ துரத்தியபோது, அவன் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நீ மேலே விழுந்துவிடுவாயோ என்று பயந்து உட்கார்ந்ததாக அவனே ஸ்டேஷனில் சொன்னான்.

அப்புறம்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. கைது செய்யும்போது எலும்பு முறிவு, தலைக்காயம் போன்றவை ஏற்படாதபடி ஆட்களைக் கட்டுப்படுத்தும் முறைகள் குறித்து ஐந்து நாள் பயிற்சி. நீ அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்தாய்.

"இனிமே எந்த ஸ்டேஷன் பாத்ரூமும் வழுக்காதாம்டி."

இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளறையிலிருந்து இருமினார். அது சிரிப்பை மறைக்கிற இருமல் என்று நமக்குத் தெரியும்.

பயிற்சிக்கூடத்தில் ஏதோ மராமத்து வேலை. அதனால் சேலத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். முந்தின நாள் கல்யாணத்தின் மாலை நார்கள் இன்னும் தூணில் தொங்கின. வாசலில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய மாப்பிள்ளை, பெண் பேருக்குக் கீழே, வெள்ளைத்தாளில் 'காவலர் பயிற்சி' என்று ஒட்டியிருந்தது. மணமேடையைச் சுற்றி இதே நீலப் பாய்கள், இதே வாசம்.

பயிற்சியாளர் ஒல்லியான மனிதர். மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். மேடைப்பேச்சு போல் தமிழ் பேசுவார். "அடிப்பதற்குக் கோபம் போதும். பிடிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்" என்று தொடங்கினார். முதலில் பேச வேண்டும். இரண்டு கை தூரத்தில், நேருக்கு நேராக நில்லாமல் ஓரமாக நிற்க வேண்டும். கழுத்தைத் தொடவே கூடாது. ஒருவர் ஒரு கையின் மணிக்கட்டையும் முழங்கையையும் பிடிக்க, இன்னொருவர் மற்ற கையைப் பிடிக்க, ஆளை விழத் தள்ளாமல் படிப்படியாகத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். பிடிபட்டவருக்கு வலித்தால் பாயை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டலாம். தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். இதுதான் முதல் விதி.

அவர் பெண் காவலர்களைத் தொட்டுக் காட்ட மாட்டார். அதனால் குற்றவாளியாக நடிக்க ஒரு பெண் வேண்டும் என்றார். நாங்கள் பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தோம். நீ நகரவில்லை. உன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்தால் நீ மட்டும் முன்னால் நிற்கிறாய்.

"துணிச்சலான பெண்" என்றார் மாஸ்டர்.

"சார், கயிறு கட்டுனேன் சார்" என்றாய். யாரும் கேட்கவில்லை.

உனக்கு உடம்பெல்லாம் கூச்சம் என்பது அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது. நான் உன் முழங்கையில் கை வைத்ததும் ஹீஹீ என்று ஒரு சத்தம் போட்டு, இரண்டாக மடிந்து, என்னையும் இழுத்துக்கொண்டு பாயில் விழுந்தாய். மணிக்கட்டைப் பிடித்தாலும் சிரிப்பு. தோளைத் தொட்டாலும் சிரிப்பு. கடைசியில் யாராவது இரண்டடி தூரத்தில் வந்தாலே சிரித்து, தொடும் முன்னாலேயே பாயைத் தட்ட ஆரம்பித்தாய். தட், தட். தட், தட்.

"குற்றவாளி சிரிக்க மாட்டாரம்மா" என்றார் மாஸ்டர், பொறுமையாக.

"என்னை மாதிரி ஒருத்தி சிக்குனா என்ன சார் பண்றது? அதுக்கும் ஒரு பாடம் வேணும்ல?"

மாஸ்டர் யோசித்துப் பார்த்து, "வேண்டும்" என்று ஒப்புக்கொண்டார். அவர் நல்ல மனிதர்.

இரண்டாம் நாள் பாடம், சாலை மறியலில் படுத்துக்கொள்பவரைக் காயமில்லாமல் தூக்குவது. நீ மல்லாந்து படுத்து, உடம்பைத் தளர விட்டு, கண்ணை மூடிக்கொண்டாய். நான்கு பேர் முயன்றோம், முடியவில்லை. ஆறு பேர் தூக்கினோம். இடுப்பு மட்டும் எழவில்லை. அந்த நேரம் பார்த்து, மண்டபத்தைப் பார்த்து முன்பதிவு செய்ய ஒரு குடும்பம் வந்தது. பட்டுப்புடவை, வெற்றிலைத்தட்டு, மேனேஜர் சகிதம். மணமேடைக்கு முன்னால் ஒரு பெரிய பெண் பேச்சுமூச்சில்லாமல் கிடக்க, ஆறு போலீஸ்காரிகள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைப் பார்த்து அந்தக் குடும்பத்து அம்மாள் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

நீ கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாய். "நல்ல மண்டபம்ங்கம்மா. தரை நல்லா சில்லுன்னு இருக்குது" என்றாய். 'ங்க' போட்டுப் பேச என்னிடம்தான் கற்றிருந்தாய். அந்தக் குடும்பம் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டதாக மேனேஜர் மறுநாள் வருத்தத்தோடு சொன்னார்.

இப்போது மூன்றாம் நாளுக்கு வர வேண்டும். இவ்வளவு நேரம் சுற்றியதே இங்கே வரத் தயங்கித்தான்.

அன்று நமக்குக் கை பழகியிருந்தது. கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. மாஸ்டருக்குப் போன் வந்தது. "நீங்கள் செய்துகொண்டிருங்கள்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். நானும் இன்னும் இரண்டு பேரும் உன்னைப் பிடித்தோம். அழகாகத் தரைக்குக் கொண்டுவந்தோம். நீ குப்புறக் கிடந்தாய். அவர்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பின்னால் மடித்துப் பிடித்துக்கொள்ள, நான் உன் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, முழங்காலை ஊன்றி என் எடை முழுவதையும் இறக்கினேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சினிமாவில் பார்த்ததாக இருக்கலாம். மூன்று நாளாக உன்னை ஒருவராலும் அடக்க முடியவில்லை. நான் அடக்கிவிட்டேன் என்ற சந்தோஷம்.

உன் கைகள் பிடியில் இருந்தன. அதனால் நீ காலால் தட்டினாய். ஷூ நுனி பாயில் இரண்டு முறை பட்டது. மறுபடி இரண்டு முறை. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. திரும்பிப் பார்த்து, "பாருங்கடி, கால்ல தட்டுறா!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மூன்று நாளில் நீ முந்நூறு முறை பொய்யாகத் தட்டியிருப்பாய் அல்லவா.

சமையற்கட்டிலிருந்து காபித்தூக்கோடு வந்த சமையல்காரர்தான் நின்று பார்த்தார்.

"ஏனுங்க, அந்தம்மா மூஞ்சி கருநீலமாப் போச்சுங்களே" என்றார்.

நான் குதித்து எழுந்தேன். உன்னைப் புரட்டினோம். நீ இழுத்த மூச்சின் சத்தம், காய்ந்து கிடந்த போர் பம்பில் முதலில் காற்று வருமே, அது போல இருந்தது. ஒரு மூச்சு, இரண்டு, மூன்று. கண்ணைத் திறந்து என்னைத்தான் முதலில் பார்த்தாய்.

"காலையில என்னடி தின்ன?" என்றாய்.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனை முடித்துவிட்டு வந்த மாஸ்டர் விஷயம் கேட்டதும் வெளுத்துப் போனார். மறுநாள் எடுக்க வைத்திருந்த பாடத்தை அப்போதே எடுத்தார். குப்புறக் கிடக்கிறவர் முதுகில் ஏறக் கூடாது. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடும். கை அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். "கத்துகிறவர் மூச்சு விடுகிறார். திடீரென்று அமைதியானவரைத்தான் பார்க்க வேண்டும்" என்றார். பேசும்போது அவருடைய மேடைத்தமிழ் இரண்டு இடத்தில் தடுக்கியது.

டீ இடைவேளையில் நீ உன் பஜ்ஜியைத் தின்றுவிட்டு என் பங்கையும் எடுத்தாய். தின்றுகொண்டே, என்னைப் பார்க்காமல், "நெஜமாத்தான் தட்டுனேன்டி" என்றாய்.

மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். நீயும் எழுந்து போய்விட்டாய்.

அது நடந்து எட்டு மாதம் கழித்துத் தங்கராசு வந்தான்.

தங்கராசு போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறவன். வருஷத்தில் பாதி வடக்கே எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். மீதிப் பாதி ஊரில் குடித்துக்கொண்டிருப்பான். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். கோபித்துக்கொண்டு அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். புகார் கொடுத்தது அவன் அம்மா. "கிரைண்டரைத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டானுங்க சாமி" என்று அழுதார். விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு, நடக்க முடியாத போதையில் வந்தான். பின்னாலேயே ஒரு பை முருங்கைக்காயோடு அவன் அம்மாவும். இன்ஸ்பெக்டர் அம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தார். ஸ்டேஷனில் நாம் இரண்டே பேர்.

வந்தவன் சுவரில் தலையை முட்டிக்கொள்ள ஆரம்பித்தான். நீ இரண்டு கை தூரத்தில், ஓரமாக நின்றாய். அப்படியே மாஸ்டர் சொன்ன மாதிரி.

"தங்கராசு, அந்தக் கிரைண்டர் எத்தனை லிட்டர்?"

முட்டுவதை நிறுத்தினான். "அஞ்சு லிட்டருங்க."

"டேபிள் டாப்பா, பெருசா?"

"பெருசுங்க. பழைய மாடலு. கல்லே அம்பது கிலோ வருமுங்க."

"அதைத் தனியாவா தூக்குன?"

"தனியாத்தானுங்க" என்று சொன்னபோது அவன் முகத்தில் ஒரு பெருமை வந்தது. நீ நாற்காலியை நகர்த்தினாய். அவனும் உட்காரத்தான் போனான். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது அவன் அம்மா, "தூக்குற பலத்துக்குப் பொண்டாட்டிய ஊட்டுல வெச்சுப் பொழைக்கத் தெரியுதா இவனுக்கு?" என்று ஒரு வார்த்தை விட்டார்.

அவ்வளவுதான். பெஞ்சைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். நீ இடது பக்கம், நான் வலது பக்கம். பெஞ்சு சுவரில் மோதிக் கீழே விழுந்த நொடியில் மணிக்கட்டும் முழங்கையும் நம் கைக்குள் வந்தன. ஆறடி மனிதனை நடையாக நடத்தி, முழங்காலிட வைத்து, தரைக்குக் கொண்டுவந்தோம். ஒரு கீறல் இல்லை. மாஸ்டர் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்.

கீழே வந்ததும், நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியாதா என்ன. என் முழங்கால் தானாகவே அவன் முதுகுக்குப் போயிற்று. அவன் உறுமினான், திமிறினான், பிறகு அமைதியானான்.

"அடங்கிட்டான் புள்ள" என்றேன்.

"அடங்கலடி. மூச்சு விடல. எந்திரி!"

நான் எழும்வரை நீ காத்திருக்கவில்லை. உன் தோளால் ஒரே இடி. நான் போய் பீரோவில் மோதினேன். கண்ணில் பூச்சி பறந்தது. நீ அவனை ஒருக்களித்துப் புரட்டி, தாடையைத் தூக்கிப் பிடித்து, "தங்கராசு, இங்க பாரு, கல்லு எத்தனை கிலோ? சொல்லு, கல்லு எத்தனை கிலோ?" என்று அலறிக்கொண்டிருந்தாய். அவன் உதடு கறுத்திருந்தது. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழு எண்ணினேன். பிறகு அவன் உடம்பு குலுங்கி, குடித்தது தின்றது எல்லாம் உன் மடியில் வந்து விழுந்தது. மூச்சும் வந்தது.

"அம்பது" என்றான்.

அதுவரை சிலையாக நின்ற அவன் அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "எம்பையன எதுக்குடி அமுக்குனே?" என்று முருங்கைக்காய்ப் பையால் என் முதுகில் நாலு சாத்துச் சாத்தினார். நான் வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு நாள் எனக்கு அந்த அடி தேவையாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், குப்புறவே கிடந்திருந்தால் இந்நேரம் கதை வேறு என்றார். ஸ்டேஷன் குறிப்பில் காயமடைந்தோர் என்ற இடத்தில் நீ முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாய்: தலைமைக் காவலர் ஒருவர், நெற்றியில் வீக்கம், பீரோ மோதியதால். முருங்கைக்காயை என் வேண்டுகோளுக்கிணங்க விட்டுவிட்டாய்.

யூனிஃபார்மை அலசிப் போட்டுவிட்டு, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு ஸ்டேஷன் படியில் வந்து உட்கார்ந்தாய். நானும் உட்கார்ந்தேன். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று, "அன்னிக்கு மண்டபத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சிரிச்சது கேட்டுச்சுடி" என்றாய். குரலில் விளையாட்டு இல்லை. "மத்தவங்க சிரிச்சது கேக்கல. உன் சிரிப்பு கேட்டுச்சு. நீ சந்தோசமா இருந்தாத்தான் அப்படிச் சிரிப்பே. அப்போ இவ எந்திரிக்க மாட்டான்னு நெனச்சேன். எம்பொண்ணு ஞாபகம் வந்துச்சு."

எவ்வளவோ பேருக்குச் சமாதானம் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். உனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், "டீ சொல்லட்டா?" என்றேன்.

"பஜ்ஜியும் சொல்லு" என்றாய்.

அடுத்த வாரம் தங்கராசு குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் வந்தான். "என்மேல உக்காந்தது யாருங்க?" என்று பணிவாகக் கேட்டான். நீ தயங்காமல் என்னைக் காட்டினாய்.

"கம்ப்ரசர் வண்டியே ஏறி நின்ன மாதிரி இருந்துச்சுங்க" என்றான். பிறகு உன் பக்கம் திரும்பி, "அக்கா, கிரேன் கொண்டாந்து கிரைண்டரைத் தூக்கிட்டனுங்க. கல்லுக்கு ஒண்ணும் ஆகல" என்றான். அவன் அம்மா அந்தக் கல்லில் அரைத்த மாவை ஒரு தூக்குப்போசி நிறையக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"இது லஞ்சத்துல வருமா?" என்று என்னைக் கேட்டாய்.

"புளிச்சாத்தான் வரும். அதுக்கு முந்தித் தின்னரலாம்" என்றேன். அந்த ஒரு பதிலுக்காக ஒரு வாரம் என்னைப் புகழ்ந்தாய். பொதுவாக நகைச்சுவை உன் இலாகா.

அவன் குடியை முழுதாக விட்டான் என்று எழுத ஆசை. விடவில்லை. ஆனால் மனைவி திரும்பி வந்தாள். குடித்த நாட்களில் கிணற்றுப் பக்கம் போவதில்லை என்று அவனே தகவல் சொல்லி அனுப்புவான்.

பிறகு உன் வயிற்றில் அந்த நோய் வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, உனக்கும் பிடிக்காது. ஸ்கேன் எடுக்க வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவியதும் கூச்சத்தில் சிரித்துச் சிரித்துக் கருவியைத் தட்டிவிட்டாயாம். டாக்டரே சிரித்துவிட்டார் என்று உன் மகள் சொன்னாள். மாதத்துக்கு மாதம் நீ குறைந்துகொண்டே வந்தாய். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் உன் மகள் மருந்து வாங்கப் போயிருந்தபோது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற வேண்டும் என்றாய். ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை முழங்காலுக்கடியிலும் கொடுத்துத் தூக்கினேன். நான் ஒருத்தியே. ஆறு பேர் தூக்க முடியாத உன்னை.

எனக்கு முகம் மாறியதை நீ பார்த்துவிட்டாய்.

"இப்பத்தான்டி உனக்கு டிரெயினிங் ஒழுங்கா வந்திருக்கு. எங்கயும் வலிக்கல" என்றாய்.

அப்போதும் சொல்லவில்லை நான். நர்ஸ் வந்தார் என்று இப்போதும் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். எப்போதும் யாராவது வந்துவிடுகிறார்கள். இன்று இந்த அறையில் யாரும் இல்லை. ஆகவே சொல்கிறேன். நீ தட்டியதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே விடாமல் இருந்தேன். என்னை மன்னித்துக்கொள். நீ எப்போதோ மன்னித்துவிட்டாய் என்பது தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டியவள் கேட்க வேண்டும்.

சேலத்தில் நடந்த உன் அடக்கத்துக்குத் தங்கராசு வந்திருந்தான். மாதா கோயில் பழக்கம் தெரியாமல், எல்லாரும் நிற்கும்போது மண்டியிட்டான். எல்லாரும் மண்டியிடும்போது எழுந்து நின்றான். ஆறடி ஆள் தனியாக நின்று சுற்றும்முற்றும் பார்த்து விழித்ததில், அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் ரொம்ப உடைந்துபோனதாக நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். இரண்டும் உண்மைதான்.

பாய் வந்த அன்று தொடங்கிய மடல் இது. முடிக்க நாலு நாள் ஆகிவிட்டது. நேற்று முதல் வகுப்பு. மணிக்கட்டு, முழங்கை, இரண்டு கை தூரம் எல்லாம் சொன்னேன். பிறகு நடந்த கதையை மறைக்காமல் சொன்னேன். முதுகில் ஏறியது யார் என்பதையும் சொன்னேன். உன் கூச்சத்துக்கு இருபது பேரும் சிரித்தார்கள். கால் தட்டிய இடம் வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. "நூறு தடவ பொய்யாத் தட்டுனாலும் நூத்தி ஒண்ணாவது தடவையும் விட்டரோணும். ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறோம் சாமி" என்றேன். இது மாஸ்டர் சொன்னதில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது. இனி என் வேலை முடியும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "அப்புறம் அந்த மேடத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எந்திரிச்சு என் பங்கு பஜ்ஜியையும் தின்னுட்டா" என்றேன்.

எல்லாரும் சிரித்து முடித்தார்கள். அவள் மட்டும் விடவில்லை. "இப்ப அவங்க எங்க மேடம் இருக்காங்க? ஒரு நாள் வகுப்புக்குக் கூட்டிட்டு வாங்களேன்."

மடங்கிக் கிடந்த பாய் முனையைக் காலால் நீவிவிட்டேன்.

"சேலத்துலதான் இருக்கா" என்றேன்.